மலையில் பாட்டுக் கடை இருந்ததா, இல்லையா?

2024 செப்டம்பர் 14

போன வாரம் ஒரு வாசகர் எழுதியதை அப்படியே எடுத்துப் போடுகிறேன்: "நீலகிரியில் இசைத்தட்டுக் கடை என்று சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இருந்ததில்லை. இருந்தவை எல்லாம் திருட்டுத்தனமாகக் கேசட்டில் பாட்டு ஏற்றிக் கொடுத்த ரெக்கார்டிங் சென்டர்கள். அவை மூடப்பட்டதற்கு ஏன் இத்தனை ஒப்பாரி?"

ஒப்பாரி வைக்க எனக்குக் காரணம் இருக்கிறது. நான் அருவங்காட்டில் வளர்ந்தவன். அப்பாவுக்குத் தொழிற்சாலையில் வேலை. சம்பளம் வந்த வாரம் மலை ரயிலில் ஏறி, வெலிங்டன் தாண்டிக் குன்னூரில் இறங்குவோம். அம்மா மார்க்கெட்டுக்குள் போவார். நானும் அப்பாவும் மார்க்கெட்டை ஒட்டிய சந்தில் இருந்த கடைக்குப் போவோம். ஆறடி அகலம்தான் இருக்கும். கண்ணாடிக்குப் பின்னால் எல்பி என்னும் பெரிய இசைத்தட்டுகளின் அட்டைகள் தோளோடு தோள் நிற்கும். முன்பலகையில் ஒரு நீள நோட்டு. அதில் படவாரியாகப் பாட்டுகளும் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்ணும் இருக்கும். வேண்டிய எண்களைத் துண்டுச் சீட்டில் எழுதி, வெற்றுக் கேசட்டோடு கொடுத்துவிட்டு வர வேண்டும். அடுத்த வாரம் கேசட் தயாராக இருக்கும்.

அறுபது நிமிடக் கேசட்டில் ஒரு பக்கத்துக்கு முப்பது நிமிடம். சினிமாப் பாட்டு ஆறு கொள்ளும், சில நேரம் ஏழு. கடைக்கார அண்ணனுக்கு ஒவ்வொரு பாட்டின் நீளமும் மனப்பாடம். நாம் எழுதிக் கொடுத்த வரிசையை மாற்றி அடுக்கி, கடைசிப் பாட்டு பாதியில் அறுந்துபோகாமல் பார்த்துக்கொள்வார். இருபது வருடம் அவரிடம் பதிந்து வாங்கியிருக்கிறேன். ஒரு பாட்டுகூட அறுந்ததில்லை.

இதைக் கடை என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வது?

2024 செப்டம்பர் 15

ஒரு திருத்தம். நேற்று எல்பி அட்டைகள் என்று மட்டும் எழுதிவிட்டேன். அந்தக் கடையில் சின்னத் தட்டுகள்தான் அதிகம். ஏழு அங்குலம், நிமிடத்துக்கு 45 சுற்று, பக்கத்துக்கு இரண்டாக மொத்தம் நான்கு பாட்டு. பக்கத்துக்கு ஒரே பாட்டு உள்ளவையும் உண்டு. எச்.எம்.வி. இசைத்தட்டு நிறுவனம் 'சூப்பர் 7' என்று ஒன்று வெளியிட்டது. அதுவும் ஏழு அங்குலம்தான், ஆனால் எல்பியைப் போல 33⅓ வேகத்தில் ஓட வேண்டும். 45-இல் வைத்துவிட்டால் பாடகர் அணில் குரலில் பாடுவார். சின்ன வயதில் அதைக் கேட்கவே என் தங்கை வேண்டுமென்று வேகத்தை மாற்றி வைப்பாள்.

2024 செப்டம்பர் 19

"தட்டையே வாங்கியிருக்கலாமே, ஏன் கேசட்டில் பதிந்தீர்கள்?" என்று ஓர் இளைஞர் கேட்கிறார். நல்ல கேள்வி.

தட்டு வாங்கினால் போதுமா? அதைப் போட்டுக் கேட்க ஒரு பெட்டி வேண்டும். எங்கள் குடியிருப்பு வரிசையில் ஒரே வீட்டில்தான் எச்.எம்.வி. ஃபியஸ்டா இருந்தது, சூட்கேஸ் போல மூடித் தூக்கிக்கொண்டு போகும் வகை. பிலிப்ஸ் நிறுவனம் கேசட்டைக் கொண்டுவந்தது 1963-இல். நம் ஊர் வீடுகளுக்குள் அது நுழையப் பத்துப் பதினைந்து வருடம் ஆனது. வளைகுடாவுக்குப் போனவர்கள் ஊர் திரும்பும்போது டேப் ரிக்கார்டரோடு வந்தார்கள். அதன் பிறகு கேசட் எல்லார் வீட்டுக்கும் வந்தது, தட்டு கடையிலேயே தங்கிவிட்டது. ஊருக்கு ஒரு பொதுக் கிணறு இருப்பதுபோல் இசைத்தட்டு அந்த ஒரு கடையில் இருந்தது. அவரவர் குடத்தோடு போய் மொண்டுவந்தோம்.

தட்டுகள் மேலே வந்த வழியையும் சொல்ல வேண்டும். கல்கத்தா டம்டம் ஆலையில் அச்சாகி, சென்னைக்கு வந்து, கோவைக்கு வந்து, மேட்டுப்பாளையம் பஸ்ஸில் மலையேறும். அண்ணன் மாதம் ஒருமுறை கோவைக்குப் போவார். திரும்பும்போது தட்டுக் கட்டை மடியில் வைத்துக்கொண்டுதான் வருவார். கொண்டை ஊசி வளைவுகளில் பஸ்ஸின் மேல்பலகையில் வைத்த சாமான் உருண்டு விழுமே, அதற்காக.

சென்னைக்குப் போனால் பழைய தட்டுக்கு மூர் மார்க்கெட். 1985-இல் அது எரிந்த செய்தி வந்த அன்று அவர் கடையைத் திறக்கவில்லை.

2024 செப்டம்பர் 20

இன்னொரு வரத்தும் உண்டு, மறந்துவிட்டேன். வெலிங்டனில் ராணுவப் பணியாளர் கல்லூரி இருக்கிறது. அங்கே படிக்க வரும் அதிகாரிகள் மாற்றலாகிப் போகும்போது கனமான சாமான்களை விற்றுவிட்டுப் போவார்கள். பழைய வெள்ளைக்காரக் குடும்பங்கள் பங்களாவைக் காலி செய்யும்போதும் அப்படித்தான். அவர்களிடமிருந்து மேற்கத்திய இசைத் தட்டுகள் பெட்டி பெட்டியாக அண்ணன் கடைக்கு வரும். அவற்றில் நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய வகைத் தட்டுகளும் இருக்கும்.

இந்த 78 பற்றி ஒரு செய்தி. மேலைநாடுகள் கைவிட்ட பிறகும் இந்தியாவில் 78 அச்சாகிக்கொண்டிருந்தது. பீட்டில்ஸ் பாட்டுகள்கூட இங்கே 78-இல் வந்தன. சாவி கொடுத்து ஓட்டும் கிராமபோன்தான் இங்கே நிறைய வீடுகளில் இருந்தது. மின்சாரம் இல்லாத ஊர்கள் அத்தனை. இன்று உலகம் முழுவதும் சேகரிப்பாளர்கள் அந்த இந்தியத் தட்டுகளைத் தேடி அலைகிறார்கள். அப்படி ஒன்று குன்னூர்ச் சந்தில், பூண்டு மூட்டைக்கு இரண்டு கடை தள்ளி, யாரும் கேட்காமல் கிடந்ததை நான் கண்ணால் பார்த்தேன். வாங்கவில்லை. அப்போது எனக்குப் பதினாறு வயது, இங்கிலீஷ் பாட்டு என்றால் ஆகாது.

2024 அக்டோபர் 2

திருட்டு என்ற சொல்லைப் பலரும் திரும்பத் திரும்ப எழுதுகிறீர்கள். தட்டிக் கழிக்காமல் பதில் சொல்கிறேன்.

சட்டப்படி அது குற்றம்தான். பதிப்புரிமைச் சட்டம் 1957-இலேயே வந்துவிட்டது, 1984 திருத்தத்தில் தண்டனையும் கூடியது. தட்டை வாங்கியவருக்கு அதிலிருந்து கூலிக்குப் பதிந்து கொடுக்கும் உரிமை கிடையாது. இசையமைத்தவருக்கும் பாடியவருக்கும் எழுதியவருக்கும் எங்கள் துண்டுச் சீட்டிலிருந்து ஒரு காசு போனதில்லை. முதல் பதிவில் இதை நான் பேசாமல் விட்டது சரியில்லை. "அண்ணன் ஒவ்வொரு தட்டையும் காசு கொடுத்துத்தானே வாங்கினார்" என்று எழுத வந்தேன். அது பதிலாகாது. ஒரு தட்டு வாங்கி ஆயிரம் கேசட் பதிந்தால் விற்றுப்போனது ஒரு தட்டுதான்.

இதைவிட எனக்கு உறுத்தலான ஒன்று இருக்கிறது. யாரும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். 1990 வாக்கில் பக்கத்து ஹட்டியை, அதாவது படுகர் ஊரைச் சேர்ந்த ஒரு படுகர் பாடகர், தன் மொழிப் பாட்டுகளைச் சொந்தச் செலவில் பதிவு செய்து கேசட்டாகக் கொண்டுவந்தார். படுகர் பாட்டுக் கேசட்டை எந்தப் பெரிய நிறுவனம் வெளியிடப்போகிறது? குன்னூர், கோத்தகிரி, ஊட்டி, இந்த மூன்று ஊர்க் கடைகள்தான் அதற்குச் சந்தை. அண்ணன் கடையிலும் ஒரு கட்டு கொடுத்துவிட்டுப் போனார். கட்டு விற்றுத் தீர்ந்தது. அடுத்த கட்டுக்கு ஆள் அனுப்பாமல், அண்ணன் ஒன்றிலிருந்து தானே பதிந்து கொடுக்க ஆரம்பித்தார். மற்றப் பாட்டுக்கு எப்படியோ இதற்கும் அப்படியே. நானே ஒன்று வாங்கினேன். பாடகருக்குத் தெரிந்துவிட்டது. ஒரு நாள் கடை வாசலில் வந்து நின்றார். சத்தம் போடவில்லை. நோட்டை எடுத்துப் புரட்டினார், தன் பாட்டுக்கு எண் போட்டிருந்த பக்கத்தைப் பார்த்தார், வைத்துவிட்டுப் போய்விட்டார். அதன்பின் அவர் இரண்டாவது கேசட் போட்டதாக நான் கேள்விப்படவில்லை.

பெரிய கம்பெனிக்கு நட்டம் என்றால் மனம் சமாதானம் சொல்லிக்கொள்கிறது. இந்த நட்டத்துக்கு என்ன சொல்வது?

2024 அக்டோபர் 3

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு "அப்படியென்றால் கடை மூடப்பட வேண்டியதுதானே" என்கிறார் முதல் வாசகர். இல்லை ஐயா. தவறு செய்தவர் ஊருக்கு வேண்டாதவர் ஆகிவிடுவாரா? இரண்டையும் சேர்த்துத்தான் நான் சுமக்கிறேன்.

2024 அக்டோபர் 11

கோத்தகிரியிலிருந்து ஓர் அம்மா எழுதியிருக்கிறார். அவருடைய பெற்றோர் 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்தவர்கள். தலைமன்னாரில் 'ராமானுஜம்' கப்பல் ஏறி ராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்து, அரசுத் தேயிலைத் தோட்ட வேலைக்காக மலைக்கு அனுப்பப்பட்டவர்கள். ஒரு தகரப் பெட்டியில் அவருடைய அப்பா எட்டு இசைத்தட்டுகளைப் புடவைகளுக்கு நடுவே சுற்றிக் கொண்டுவந்தாராம். பெட்டியில் இருந்த கண்ணாடிக் குவளைகள் உடைந்தன, தட்டுகள் பிழைத்தன. தோட்டத்து லைன் வீட்டில் அவற்றைப் போட்டுக் கேட்கக் கருவி கிடையாது. ஒன்பது வருடம் பெட்டிக்குள்ளேயே இருந்த தட்டுகளைக் கடைசியில் ஒரு நாள் அந்த அப்பா குன்னூருக்கு எடுத்துக்கொண்டு வந்து, ஒரு சந்துக் கடையில் கேசட்டில் பதிந்து வாங்கினாராம். "கடைக்காரர் காசு வாங்கவில்லை. ஒரு பிரதி தனக்குப் பதிந்துகொள்ளலாமா என்று மட்டும் கேட்டார்" என்கிறார்.

அம்மா, அது நான் சொல்லும் கடையாகத்தான் இருக்க வேண்டும். அங்கே இலங்கைப் பாப்பிசைக் கேசட் ஒன்று இருந்தது. எங்கிருந்து வந்தது என்று எனக்கு இத்தனை நாள் தெரியாது.

2024 அக்டோபர் 12

கடைகள் சாய்ந்த வரலாற்றைக் கேட்டவர்களுக்குச் சுருக்கமாக. எம்பி3 வந்தபோது ஒரு குறுந்தட்டில் நூற்றைம்பது பாட்டு அடங்கியது. அறுபது நிமிடக் கேசட்டின் கணக்கு அன்றே முடிந்தது. 2004-இல் வீடியோ திருட்டைக் குண்டர் சட்டத்துக்குள் தமிழக அரசு கொண்டுவந்தபின், வட்டு பதிந்து கொடுத்தவர்களுக்கும் பயம் பிடித்தது. பிறகு செல்போன் கடைகள் மெமரி கார்டில் பாட்டு ஏற்றிக் கொடுத்தன. என் பார்வையில் அவைதான் ரெக்கார்டிங் சென்டரின் வாரிசுகள், துண்டுச் சீட்டு மட்டும் இல்லை. 2016-இல் ஜியோ வந்து அந்தத் தொழிலையும் முடித்தது.

மலைக்கு மட்டும் வந்த விதி அல்ல இது. அமெரிக்காவில் டவர் ரெக்கார்ட்ஸ் 2006-இல் மூடியது. 2013-இல் பிரிட்டனின் எச்.எம்.வி. கடைகள் திவாலாகிக் கைமாறின. மும்பையின் ரிதம் ஹவுஸ் 2016-இல் போனது. அந்தப் பெயர்பெற்ற கடைகளெல்லாம் விழுந்த காலத்தில் ஆறடிக் கடை விழாமல் நின்றது. எப்படி என்று நேரில் போய்ப் பார்த்து எழுதுகிறேன்.

2024 அக்டோபர் 27

மழை. ஐப்பசியில் குன்னூர் நனைவதுபோல் ஊட்டி நனைவதில்லை. கடைக்குப் போகவில்லை. அதற்குள் தட்டிலும் கேசட்டிலும் பிடிக்கும் பூஞ்சை பற்றி ஐந்து பேர் கேட்டுவிட்டீர்கள்.

நம் குளிரில் தட்டு வளையாது. கோவையில் என் சித்தப்பா வீட்டு எல்பிகள் கோடையில் அப்பளம்போல் நெளிந்துவிட்டன, எங்களுடையவை இன்றும் நேராக இருக்கின்றன. நமக்கு எதிரி ஈரம். அட்டையில் வெள்ளைப் புள்ளி கண்டால் உள்ளுறையைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிது போடுங்கள். தட்டுகளைப் படுக்க வைத்து அடுக்காதீர்கள், நிறுத்தி வையுங்கள். வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியில் மட்டும் வேண்டாம், நம் வீடுகளில் அந்தச் சுவர்தான் வியர்க்கும். வினைல் தட்டைக் காய்ச்சி வடித்த நீரில் ஒரு சொட்டு மென்சோப்பு விட்டு, மெல்லிய துணியால் வரி ஓடும் போக்கில் துடைக்கலாம். நடுவில் இருக்கும் வட்டச் சீட்டு நனையக் கூடாது.

78-க்கு ஸ்பிரிட் படவே கூடாது. அந்தத் தட்டு அரக்கால் ஆனது, சோட்டா நாகபுரிக் காடுகளில் பூச்சி சுரக்கும் அதே அரக்கு. ஸ்பிரிட்டில் அது கரையும். இது தெரியாமல் தாத்தாவின் ஒரு தட்டைப் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன். பஞ்சு கறுத்தது. முதலில் அழுக்கு என்று சந்தோஷப்பட்டேன். கறுத்தது பாட்டு.

கேசட்டின் சன்னல் வழியாக நாடாச் சுருளின் விளிம்பில் மாவு பூத்ததுபோல் தெரிந்தால் ஓட்டாதீர்கள். ஓட்டினால் அந்தப் பூஞ்சை, நாடாவைப் படிக்கும் டெக் ஹெட்டில் ஒட்டிக்கொண்டு அடுத்த கேசட்டுக்கும் தொற்றும்.

2024 நவம்பர் 9

போய் வந்தேன்.

கடை இருக்கிறது. பெயர்ப்பலகையில் 'ரெக்கார்டிங்' என்ற சொல்லின் மேல் வண்ணம் பூசி 'சர்வீஸ்' என்று எழுதியிருக்கிறது. முன்பக்கம் மிக்ஸி, ரிமோட், மழைக்காலத்தில் செத்துப்போகும் எமர்ஜென்சி விளக்குகள். திருவிழாவுக்கு ஆம்ப்ளிஃபயரும் குழாய் ஒலிபெருக்கியும் வாடகைக்குக் கொடுக்கிறார். சோறு போடுவது இவைதான். தட்டுகள் உள்ளறையில். "மிக்ஸி சம்பாதிக்கிறது, தட்டு சாப்பிடுகிறது தம்பி" என்றார். எழுபது தாண்டிவிட்டார், நானும் அறுபதை நெருங்குகிறேன், இன்னும் தம்பிதான்.

நான் இருந்தபோது விடுதி நடத்தும் ஒரு பெண் பழைய எல்பி இருபது வேண்டும் என்று வந்தார். "கேட்கவா, மாட்டவா?" என்று கேட்டார் அண்ணன். சுவரில் மாட்டத்தான். கீறல் விழுந்து ஊசி தாவும் தட்டுகளாகப் பொறுக்கிக் கொடுத்தார். அவற்றில் ஒன்று நல்ல நிலையில் கலந்திருந்ததைக் கடைசி நேரத்தில் உருவி எடுத்துவிட்டார். தட்டில் ஓட்டை போட்டுக் கடிகாரம் செய்பவர்களுக்குக் கீறல் தட்டும் கொடுப்பதில்லையாம்.

பிறகு எனக்காக ஒரு தட்டு போட்டார். இரண்டு உள்ளங்கைகளுக்கும் இடையே விளிம்பில் பிடித்து, வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பார்த்து, வெல்வெட் துண்டை ஒருமுறை மட்டும் ஓட்டி, ஊசியைச் சுண்டுவிரல் நுனியால் இறக்கினார். கடுகு பொரிவதுபோல் இரண்டு மூன்று சுற்று. பாட்டு தொடங்கும்வரை நாங்கள் இருவரும் பேசவில்லை. செல்போனில் அந்த இடைவெளி கிடையாது, தொட்டதும் பாடிவிடும்.

அமெரிக்காவில் 2022-இல் குறுந்தட்டைவிட வினைல் தட்டு அதிக எண்ணிக்கையில் விற்றது, 1987-க்குப் பிறகு முதல்முறை. ஏப்ரலில் ஒரு சனிக்கிழமையை இசைத்தட்டுக் கடை நாள் என்றே 2008 முதல் கொண்டாடுகிறார்கள். இதையெல்லாம் அண்ணனிடம் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றுதான்: "அங்கே ஊசி மாற்றிக் கொடுக்க ஆள் இருக்கிறதா?"

2024 நவம்பர் 10

முக்கியமானதை நேற்று எழுதவில்லை, எழுதலாமா என்று யோசித்தேன். அக்டோபர் 2 பதிவைப் படித்த ஒருவர் தனியே எழுதியிருந்தார். அந்தப் பாடகர் தன் தாய்மாமன் என்றார். அவரிடமிருந்த கேசட்டுகள் எல்லாம் பூஞ்சை பிடித்துப் போய்விட்டன, வேறு யாரிடமும் இல்லை, கடையில் இருக்குமா என்று கேட்டிருந்தார். என் வீட்டுப் பிரதியை நான் எப்போதோ தொலைத்துவிட்டேன்.

அண்ணனிடம் கேட்டேன். நோட்டை எடுத்தார், அதே நீள நோட்டு, மூன்றாவது பைண்டிங். எண்ணைப் பார்த்துவிட்டு உள்ளறைக்குப் போனார். வெகுநேரம் கழித்து ஒரு கேசட்டோடு வந்தார். அவர் கள்ளமாகப் பதிந்து வைத்த மூலப்பிரதி.

2024 நவம்பர் 24

அந்தக் கேசட்டிலும் ஒரு பக்கம் பூஞ்சை பூத்திருந்தது. நாடாவை ஹெட்டோடு அழுத்தும் பஞ்சுப் பட்டை கழன்று கிடந்தது. அண்ணன் திருகாணிகளைக் கழற்றிக் கேசட் கூட்டைத் திறந்தார். இரண்டு சுருள்களையும் நாடா முறுக்காமல் தூக்கி, ஒரு வாரம் விளக்குச் சூட்டில் அரிசிப் பானைக்குள் வைத்திருந்தாராம். பிறகு வேறொரு கேசட்டின் கூட்டுக்குள் பொருத்தி, கையால் முழுக்க ஒருமுறை சுற்றி, துணியால் விளிம்பைத் துடைத்து, அதன்பிறகுதான் டெக்கில் போட்டார். முதல் ஓட்டத்திலேயே கணினியில் ஏற்றிவிட வேண்டும், இரண்டாம் ஓட்டத்தை நம்ப முடியாது என்றார். ஏற்றிவிட்டார். மூன்றாம் பாட்டில் ஓரிடத்தில் சத்தம் அமுங்கி மீள்கிறது, மற்றதெல்லாம் தெளிவு.

2024 டிசம்பர் 8

நேற்று பாடகர் வந்தார். மருமகன் கையைப் பிடித்து அழைத்து வந்தார். சந்துப் படியில் ஏறச் சிரமப்பட்டார். அண்ணன் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். இருவரும் நலம் விசாரித்துக்கொள்ளவில்லை.

பாட்டு ஓடியது. பெரியவர் தாளம் போடவில்லை, கண்ணை மூடவில்லை, டெக்கின் சுழலும் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் முடிந்ததும் அண்ணன் எழுந்து நின்றார். "ஐயா, அன்றைக்கு நான் உங்களைக் கேட்டிருக்க வேண்டும்" என்றார். பெரியவர் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. கேசட் அட்டையை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்தார். அதில் நீல மையில் ஓர் எண் மட்டும் இருந்தது.

"பெயர் எழுதவில்லையே தம்பி" என்றார்.

அண்ணன் பேனா எடுத்தார். பெரியவர் தன் பெயரைச் சொல்வார் என்று நினைத்தேன். குழல் வாசித்தவர் பெயரை முதலில் சொன்னார். பிறகு தாளம் வாசித்தவர், கூடப் பாடிய இரண்டு பெண்கள், பதிவுக்கு அறை கொடுத்தவர், பணம் திரட்டிய இரண்டு ஹட்டிக்காரர்கள். நிதானமாக, ஒவ்வொருவரின் ஊரோடும். அட்டையில் இடம் தீர்ந்தது. அண்ணன் அதைப் பிரித்து மல்லாத்தி, உள்பக்க வெள்ளையில் தொடர்ந்து எழுதினார்.